மாசி பங்குனியில் நம் வீட்டுத் தோட்டம்

மகா சிவராத்திரி வந்தால் குளிர் "சிவ சிவா" என்று சொல்லிக்கொண்டே போய்விடும் என்பது நம் அண்டை வீட்டுக் கன்னட மக்களிடையே வழங்கும் பழமொழி. அது எவ்வளவு உண்மை என்பதை மைசூரில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் யாவரும் அறிவர். மாசியின் முற்பகுதி வரை விடியற்காலையில் போர்வையை விட மனம் வராது. சிவராத்திரி கழிந்த சில நாட்களில் நண்பகல் வெயில் சுள்ளென்று உறைக்கத் தொடங்கிவிடும். தோட்டம் வைத்திருப்போர் விழித்துக்கொள்ள வேண்டிய வேளை இதுவே. அக்ரஹாரத்தின் பழைய வீடுகளில் கொல்லை உடையோருக்கும், மாடிக் குடியிருப்பில் நான்கு தொட்டிகளை மட்டும் உடையோருக்கும் இது பொதுவான செய்தி.

நம் குடும்பங்களில் பலர் தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்து இவ்வூரில் வேரூன்றியவர்கள். வரும்போது பாத்திரம் பண்டங்களோடு ஊர்ப் பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்தோம். பண்டிகைக்கும் விரதத்திற்கும் அந்தப் பஞ்சாங்கம் எங்கும் பொருந்தும். செடி கொடிகளுக்கு அது அப்படியே பொருந்துமா என்பதுதான் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சித்திரைப் பிற்பகுதியில் சூரியன் பரணி நட்சத்திரத்தில் சஞ்சரிக்கிறான். தமிழ்நாட்டில் அந்நாட்களில்தான் அக்கினி நட்சத்திரம் என்னும் கத்தரி வெயில் தொடங்குகிறது. அதுவே கோடையின் உச்சம். ஆனால் மைசூர்ச் சீமையின் உழவர் அதே நாட்களைப் "பரணி மழை"யின் காலம் என்று கூறி வானத்தை எதிர்நோக்குகின்றனர். பரணி மழை பெய்தால் தரணியெல்லாம் விளையும் என்பது அவர்கள் வழக்கு. சூரியன் ஒன்றே, நட்சத்திரமும் ஒன்றே. ஆயினும் அங்கே அனல், இங்கே மழை!

இதற்குக் காரணம் உண்டு. மைசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். காவிரிக் கழிமுகத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். இங்கோ சித்திரை வைகாசியில் இடியுடன் வரும் கோடை மழை ஒரு சிகரம். புரட்டாசி ஐப்பசியில் வரும் மழை மற்றொரு சிகரம். ஆகவே நம் தோட்டங்களுக்கு உண்மையான சோதனைக் காலம் மாசியும் பங்குனியுமே. மழையில்லாத இந்த இரு மாதங்களைச் செடி தாண்டிவிட்டால், பின்னர் வானமே அதைக் காப்பாற்றிக்கொள்ளும். அவ்விரு மாதங்களில் நாம் செய்யத்தக்கவற்றை முறையாகக் காண்போம்.

மண்ணும் மூடாக்கும்

முதற் பணி மண்ணைக் கிளறுவது. குளிர்காலம் முழுவதும் ஊற்றிய நீரால் தொட்டி மண் இறுகிப் பாளம் போல் ஆகியிருக்கும். மேல் மண்ணை இரண்டு அங்குல ஆழத்திற்குச் சிறு களைக்கொட்டால் மெல்லக் கொத்திவிட வேண்டும். ஆழமாகக் கொத்தினால் வேர் அறுபடும். பிறகு நன்கு மட்கிய தொழு உரத்தைத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி இட்டு மண்ணோடு கலக்கலாம். பச்சைச் சாணத்தை அப்படியே இடுதல் கூடாது. அது மட்கும்போது எழும் சூடு வேரைத் தாக்கும், கறையானையும் அழைத்துவரும்.

அடுத்தது மூடாக்கு. இம்மாதங்களில் அரசும் புங்கும் பழைய இலைகளை உதிர்த்துத் தளிர்விடும். தெருவெங்கும் சருகு குவியும். அதைக் கூட்டித் தீயிட்டுக் கொளுத்துவது பலருக்கு வழக்கம். புகை மூச்சுக்குத் தீங்கு. எரிந்து போவதோ மண்ணுக்கு உணவு. அச்சருகைச் செடியின் அடியில் இரண்டு அங்குலக் கனத்திற்குப் பரப்பினால், வெயில் நேரே மண்ணைச் சுடாது, ஈரம் நெடுநேரம் தங்கும். தண்டை ஒட்டி மட்டும் சருகைக் குவிக்கலாகாது, தண்டு அழுகும். எஞ்சிய சருகைக் கொல்லையில் ஒரு குழியிலோ, துளையிட்ட பழைய தொட்டியிலோ இட்டு, சமையலறைக் காய்கறித் தோலையும் சேர்த்து அவ்வப்போது நீர் தெளித்துவந்தால், மழை தொடங்கிச் சில வாரங்களில் நல்ல எரு கிடைக்கும்.

மாடியில் தொட்டி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிமெண்டுத் தளம் பகலெல்லாம் வெயிலை உண்டு இரவிலும் சூட்டைக் கக்கும். தொட்டிகளைத் தளத்தின்மேல் நேரே வைக்காமல் இரண்டு செங்கல்மேல் ஏற்றிவைக்கலாம். தனித்தனியே நிற்கும் தொட்டிகளைச் சுவரின் கிழக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்தால், ஒன்றின் நிழல் மற்றொன்றைக் காக்கும்.

நீர்

மைசூர்க் குழாய்களில் வரும் நீர் பெரும்பாலும் காவிரியும் கபினியும் தந்தது. 1911இல் தொடங்கிய கண்ணம்பாடி அணை 1932இல் நிறைவெய்தியது. இங்கே நாம் வீணாக்காத ஒவ்வொரு குடமும் மேட்டூரை நோக்கிச் செல்லும் ஆற்றின் நீர்தான் என்பதை நினைவிற் கொள்வது நல்லது. நம்மில் பலருடைய பிறந்த வீட்டு வயல்கள் அந்த ஆற்றின் கடைமடையில் உள்ளன. 2023ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்ததையும், 2024 கோடையில் பெங்களூர்வாசிகள் நீருக்குப் பட்ட பாட்டையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே சிக்கனமே முதல் விதி.

செடிக்கு நீர் வேண்டுமா என்பதை மேற்பரப்பைப் பார்த்துச் சொல்ல இயலாது. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்ற வேண்டியதில்லை. ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியே சிறிது கசியும் வரை ஊற்ற வேண்டும். நாள்தோறும் மேலோடு தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து, ஒரு நாள் மறந்தாலும் செடி துவண்டுவிடும். காலை 8 மணிக்கு முன்போ, மாலையில் வெயில் தணிந்த பின்போ நீர் விடுவதே முறை.

அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் ஆகியவற்றை அன்றன்றே எச்செடிக்கும் விடலாம். உப்புக் கலந்த நீர் ஆகாது. பாத்திரம் தேய்த்த நீர் வாழைக்கும் சேம்புக்கும் போகும்படி நம் முன்னோர் கொல்லையில் வாய்க்கால் வெட்டிவைத்தனர். அக்காலத்தில் சாம்பலும் புளியும் கொண்டு தேய்த்தார்கள். இக்காலத்துச் சலவைத் தூள்களில் உள்ள சோடியம் உப்பு மண்ணை இறுகச் செய்யும். ஆதலால் முதலில் வரும் சோப்பு நீரை விடுத்து, இறுதியில் அலசிய நீரை மட்டும் வாழைக்குத் திருப்புவது நலம்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பங்களுக்குப் பானைப் பாசனம் மிகவும் பயன்படும். பூச்சு இல்லாத சிறு மண்பானையைச் செடியின் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, தட்டால் மூடிவிட வேண்டும். மண் காய்ந்தால் பானையின் சுவர் வழியே நீர் கசியும். ஈரமிருந்தால் கசிவு குறையும். செடி தன் தேவைக்கேற்ப உண்ணும். பக்கத்து வீட்டார் சில நாட்களுக்கு ஒருமுறை பானையை நிரப்பினால் போதும்.

இதனோடு ஓர் எச்சரிக்கை. தொட்டிகளின் அடியில் வைக்கும் தட்டுகளில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாட்களே போதும். வெள்ளிக்கிழமைதோறும் வாசல் மெழுகிக் கோலமிடும்போது அத்தட்டுகளையும் கவிழ்த்துத் தேய்த்துவிடுவதை வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

மல்லிகை

மைசூர் மல்லிகை புவிசார் குறியீடு பெற்ற மலர். கன்னடக் கவிஞர் கே. எஸ். நரசிம்மசுவாமி 1942இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுதிக்கு இப்பெயரையே சூட்டினார். தேவராஜ மார்க்கெட்டில் முழம் போட்டு வாங்குவது ஒரு மகிழ்ச்சி. நம் கொல்லையில் மாலை நேரத்தில் மொட்டுப் பறிப்பது வேறொரு மகிழ்ச்சி.

மல்லிகைக்குக் கவாத்துச் செய்ய வேண்டிய மாதம் கார்த்திகை. அப்போது தரையிலிருந்து ஒரு முழ உயரம் விட்டு வெட்டிய செடி, மாசியில் புதுக்கிளை விட்டு, பங்குனி முதல் ஆனி வரை பூத்துக் குலுங்கும். கார்த்திகையில் தவறவிட்டோர் சிலர் இப்போது கத்தரியை எடுக்கின்றனர். இது கூடாது. மொட்டு வருவது புதுக்கிளையில்; இப்போது வெட்டினால் இவ்வாண்டுப் பூவையே வெட்டியவர் ஆவோம். காய்ந்த குச்சிகளையும், உள்நோக்கி வளர்ந்த மெலிந்த கிளைகளையும் மட்டும் நீக்கினால் போதும்.

இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்தின் குறை. ஆழ்குழாய்க் கிணற்றின் சுண்ணாம்பு மிகுந்த நீரை விடும் வீடுகளில் இது அடிக்கடி நேர்கிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை உறிஞ்ச இயலாத நிலை அது. அன்னபேதி உப்பை லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, மாலையில் இலைமீது மாதம் ஒருமுறை தெளித்துவந்தால் பசுமை திரும்பும். மொட்டுகளில் சிறு துளை தெரிந்தால் அது மொட்டுப்புழுவின் வேலை. அம்மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். புதிய செடி வேண்டுவோர் பதியம் போட ஆனி ஆடி வரை பொறுக்க வேண்டும். இந்த வெயிலில் வேர் பிடிப்பது அரிது.

மலர்த்தொண்டு என்றதும் அனந்தாழ்வானை நினையாதிருக்க இயலாது. இவர் மைசூர்ப் பகுதியில் பிறந்தவர் என்பது வைணவ மரபு. திருமலையில் நந்தவனம் அமைத்துப் பூமாலை சாத்தும் பணிக்கு யார் செல்வீர் என்று இராமானுசர் வினவியபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சாமல் முன்வந்தவர் இவரே என்று குருபரம்பரை கூறும். நாம் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து செடி வைக்கிறோம். அவரோ இச்சீமையிலிருந்து திருமலைக்குச் சென்று, ஆழ்வார்களின் தமிழால் பாடப்பெற்ற வேங்கடவனுக்குப் பூந்தோட்டம் வைத்தார்!

வெற்றிலையும் வாழையும்

நம் அக்ரஹாரத்தார் சிறப்பாகக் கருத வேண்டிய கொடி மைசூர் வெற்றிலை. பூர்ணையா சத்திரம் தொடங்கி வித்யாரண்யபுரம் வரை இருந்த அரசர் தோட்டங்களில்தான் இது முதலில் பயிரானது என்பர்; பிறகு நஞ்சன்கூடு சாலையை ஒட்டிப் பரவியது. நாம் நாள்தோறும் நடக்கும் தெருக்களுக்கு மிக அருகில் ஒரு காலத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருந்தன! இன்று அந்நிலங்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. இவ்வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆயினும் காகிதத்தில் உள்ள குறியீடு கொடியை வளர்த்துவிடாது. கொடி வளர ஒரு சுவரோரமும் அக்கறையுள்ள கையும் வேண்டும்.

வெற்றிலைக் கொடி ஆளுயரத்தைத் தாண்டினால் வீரியம் குன்றி இலை சிறுக்கும். பங்குனியிலிருந்து சித்திரை முற்பகுதிக்குள் கொடியை இறக்கிக் கட்டுவது இதற்கு மருந்து. பற்றுக்கோலிலிருந்து கொடியை முறியாமல் மெல்லப் பிரித்து, அடிப்பகுதியை வளையமாகச் சுருட்டி மண்ணில் படுக்கவைத்து, மேலே எருவும் மண்ணும் இட்டு மூடி, நுனியை மட்டும் மீண்டும் கோலில் கட்டிவிட வேண்டும். உடனே நீர் பாய்ச்ச வேண்டும். வளைந்த கணுக்களிலிருந்து புதுக்கொடிகள் பல கிளைத்து எழும். நேர் வெயில் இக்கொடிக்கு ஆகாது. அகத்தியின் நிழலோ, வடக்குச் சுவரோ பொருந்தும். தாம்பூலத் தட்டில் நம் வீட்டு வெற்றிலையை வைத்துக் கொடுப்பதைவிடச் சிறந்த விருந்தோம்பல் எது?

நஞ்சன்கூட்டு ரசபாளெயின் வரலாறு இன்னும் வருந்தத்தக்கது. நம் ரஸ்தாளியின் இனத்தைச் சேர்ந்த இவ்வாழை, சுவையாலும் மணத்தாலும் பெரும்புகழ் பெற்றது. வாடல் நோய் புகுந்து தோட்டங்களை அழித்தது. அந்நோயின் பூஞ்சணம் மண்ணில் பல்லாண்டு காலம் உயிரோடு இருக்கும். கன்றோடும் மண்ணோடும் நீரோடும் பரவும். ஆகவே வாழைக் கன்று வாங்குவோர் நோயற்ற தாய்மரத்தை நேரிற் கண்டபின் வாங்குக. திசு வளர்ப்புக் கன்று கிடைத்தால் மேலும் நலம். அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகித் தண்டைச் சுற்றித் தொங்குமாயின் ஐயம் கொள்ள வேண்டும். தண்டை வெட்டிப் பார்க்கையில் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தால், மரத்தை வேரோடு அகற்றி அழித்து, அவ்விடத்தில் வாழையை மீண்டும் வைக்காதிருப்பதே அறிவுடைமை. நல்ல மரமாயின், மாசியில் பக்கக் கன்றுகளில் வாளிப்பான ஒன்றை மட்டும் விட்டு ஏனையவற்றை நீக்குங்கள்.

கறிவேப்பிலை, துளசி, காய்கறி

கறிவேப்பிலைக்கு மாசியில் நுனி வெட்டினால் பக்கக் கிளைகள் பெருகும். பூவும் காயும் விட்டால் கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் இலை குறையும். பறவை எச்சம் போன்ற புழுக்கள் இலைமேல் இருந்தால் அஞ்ச வேண்டா. அவை வண்ணத்துப் பூச்சியின் குழந்தைகள். கையால் எடுத்து ஒரு தனிக்கிளையில் விட்டு, நம் வீட்டுச் சிறுவர் சிறுமியருக்குக் காட்டினால் பள்ளிப்பாடம் ஒன்று கண்ணெதிரே நடக்கும். துளசியின் கதிர்களில் முற்றியவற்றை விதைக்கு எடுத்துக்கொண்டு, இளங்கதிர்களைக் கிள்ளிவர வேண்டும். விதை முற்றவிட்டால் செடி தன் பணி முடிந்ததென்று காய்ந்துவிடும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது யாவரும் அறிந்ததே. நீர்வசதி உடையோருக்கு மாசிப்பட்டமும் நற்பட்டமே. வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, புடலை, தண்டுக்கீரை ஆகியவற்றை இப்போது விதைக்கலாம். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் ஒருசேர முளைக்கும். சுமார் 45 நாட்களில் முதற்காய் பறிக்கலாம். கீரை ஒரு மாதத்திற்குள் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். வெண்டையின் இலை நரம்புகள் மஞ்சளாகப் பின்னிக்கொண்டால், அச்செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈ அந்நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். மார்கழி தையில் மைசூரெங்கும் மணத்த அவரையின் காலம் முடிந்துவிட்டது. கொடியில் முற்றிக் காய்ந்த நெற்றுகளைப் பறித்து, விதையை உலர்த்தி, வேப்பிலையோடு மூடிவைத்தால் அடுத்த விதைப்புக்கு உதவும்.

மாவும் வேம்பும்

கொல்லையில் மாமரம் உடைய பேறு பெற்றோர், பூத்திருக்கும்போது அடியில் நீர் பாய்ச்சாதிருக்க வேண்டும். பாய்ச்சினால் மரம் பூவை விட்டுத் தளிரில் மனம் செலுத்தும். பிஞ்சு பட்டாணி அளவு ஆனபின் நீர் விடத் தொடங்கலாம். பூவின்மீது பூச்சிமருந்து தெளித்தால் மகரந்தம் சுமக்கும் தேனீக்களும் ஈக்களும் மடியும். உதிரும் வடுவைக் கண்டு வருந்த வேண்டா. மரம் தாங்கக்கூடியதை வைத்துக்கொண்டு எஞ்சியதை நம் ஊறுகாய் ஜாடிக்கு அனுப்புகிறது.

பங்குனியில் வேம்பு பூக்கும். இரவில் மரத்தடியில் தூய வேட்டியை விரித்துவைத்து, காலையில் பூவைத் திரட்டி வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம். யுகாதியன்று நம் கன்னட நண்பர் வேம்பும் வெல்லமும் கலந்து உண்பர். சில நாட்களில் தமிழ்ப் புத்தாண்டில் நாம் வேப்பம்பூப் பச்சடி உண்போம். இரு வீட்டுப் பண்டிகைக்கும் ஒரே மரத்தின் பூ போதும்.

இனி ஒரு வேண்டுகோள். கொல்லைகள் சுருங்கிவருகின்றன; பழைய வீடுகள் இடிபட்டு அடுக்கு வீடுகள் எழுகின்றன. ஒரு வீடு இடிபடும்போது அதன் கிணற்றடியில் இருந்த வெற்றிலைக் கொடியும், பாட்டி வைத்த மல்லிகையும் மண்ணோடு போகின்றன. அவ்வாறு போகுமுன் ஒரு கணுவையோ, பிடி விதையையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கன்னட அயலாரிடமும் கேளுங்கள். நம்மிடம் உள்ளதைக் கொடுங்கள். பெட்டியில் வந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் பரணி மழையின் நாளையும் குறித்துவைத்தால் போதும். மாசியில் மூடாக்கிட்டு, பங்குனியில் அளந்து நீரூற்றிக் காத்த செடி, அந்த முதல் மழையில் தலைநிமிர்ந்து நிற்கும். அன்று நம் வீட்டு முற்றங்களில் மல்லிகை மணக்கட்டும்!